புள்ளி விழுந்த மணிகள்

மக்காச்சோள மணியின் நிறம் ஒரே இடத்தில் உண்டாவதன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மூன்று அடுக்குகளின் நிறங்கள் சேர்ந்தே கண்ணுக்கு ஒரு நிறமாகத் தெரிகின்றன. வெளியே இருப்பது கனியுறை எனப்படும் தோல். அது தாய்ச்செடியின் திசு ஆகையால், ஒரு கதிரிலுள்ள எல்லா மணிகளுக்கும் தோலின் நிறம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். தோலுக்கு அடியில் அலியூரோன் என்னும், ஒரே ஒரு செல் கனமுள்ள மெல்லிய அடுக்கு உள்ளது. நாவற்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தருகின்ற ஆந்தோசயனின் வகைச் சாயங்கள் இந்த அடுக்கில் சேரும்போது மணி ஊதாவாகவோ நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறுகிறது. அதற்கும் உள்ளே இருப்பது மாவுப்பகுதி. தமிழ்நாட்டில் கோழித்தீவனத்துக்காகப் பெருமளவில் பயிராகும் மக்காச்சோளம் மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணம், அதன் தோலும் அலியூரோனும் நிறமற்றுக் கண்ணாடிபோல் இருப்பதால், மாவுப்பகுதியிலுள்ள கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் சாயம் வெளியே தெரிவதுதான்.

பெயரில் மக்கா நகரை ஏந்தி நின்றாலும் இப்பயிர் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. தென் மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசின்ட்டே என்னும் காட்டுப் புல்லிலிருந்து, ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த மக்கள் இதை உருவாக்கினர். பெரு நாட்டில் கருநீல மக்காச்சோளத்தைக் காய்ச்சிப் பானம் செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. வட அமெரிக்காவின் தென்மேற்கு வறண்ட நிலத்தில் வாழும் ஹோப்பி மக்கள் நீலம், சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என நிறம் பிரித்து விதை காத்து, ஒவ்வொரு நிறத்தையும் ஒரு திசையோடு இணைத்துச் சடங்குகளில் பயன்படுத்தினர். நிறத்தைக் காப்பது எளிய வேலையன்று, ஏனெனில் மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் செல்வது. பக்கத்து வயலின் நிறம் அதே பருவத்தில் இந்த வயலின் கதிரில் வந்து விழுந்துவிடும். 1716-ஆம் ஆண்டில், நியூ இங்கிலாந்தின் மதகுருவான காட்டன் மேதர், மஞ்சள் மக்காச்சோள வயலின் நடுவே சிவப்பும் நீலமுமான வகையை ஒரு வரிசை நட்டதையும், காற்று வீசிச் சென்ற பக்கத்தில் ஏழெட்டு வரிசைகள்வரை அந்த நிறம் பரவியதையும் ஒரு கடிதத்தில் எழுதி வைத்தார். தாவரக் கலப்பு பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்றாக இக்கடிதம் கருதப்படுகிறது. ஆனால் அதில் சொல்லப்பட்ட உண்மையை நிறம் பிரித்து நட்ட உழத்திகள் அதற்கு மிக முன்பே தம் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவ்வாறு நிறம் தாவுவதற்கான காரணம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான் விளங்கியது. ஒரு மகரந்தத்தூளிலிருந்து வரும் இரண்டு ஆண் உட்கருக்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று தாயின் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து கருவூண் என்னும் உணவுத்திசுவாகிறது. அலியூரோனும் மாவுப்பகுதியும் இந்தக் கருவூணின் பகுதிகளே. ஆகவே ஒரு கதிரிலுள்ள சில நூறு மணிகளும் ஒரே தாய்க்குப் பிறந்த சில நூறு தனித்தனிப் பிள்ளைகள். ஒவ்வொரு மணியும் தன் தந்தையின் பங்கைத் தன் நிறத்தில் காட்டுகிறது. பட்டாணியில் மெண்டல் பல தோட்டப் பாத்திகளில் எண்ணிப் பெற்ற விகிதங்களை, மக்காச்சோளத்தில் ஒற்றைக் கதிரைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணிவிடலாம் என்பதால், 1900-இல் மெண்டலின் விதிகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த பின் அமெரிக்க மரபியலாளர் பலர் இப்பயிரை நாடி வந்தனர்.

அவர்கள் எண்ணிக்கைக்கு அடங்காமல் நின்றவை புள்ளி விழுந்த மணிகள். முழு ஊதா மணியும் முழு வெள்ளை மணியும் விதிப்படி பிரிந்து நின்றபோது, வெள்ளை மணியின் மேல் ஊதாப் பொட்டுகள் தெளித்தாற்போலவும், தோலின் மேல் சிவப்புக் கோடுகள் கீறினாற்போலவும் சில மணிகள் வந்துகொண்டே இருந்தன. மரபணு என்பது தலைமுறைதோறும் மாறாமல் கைமாறும் ஒன்று என்றால், ஒரே மணிக்குள், ஒரே மரபைப் பெற்ற செல்களுக்குள், ஒரு திட்டு நிறமுற்றும் அதன் பக்கம் நிறமற்றும் இருப்பதற்கு இடமே இல்லை.

இக்கேள்வியை முதலில் முறையாக எடுத்துக்கொண்டவர் ரோலின்ஸ் ஆடம்ஸ் எமர்சன். நெப்ராஸ்காவில் பணியாற்றிப் பின் 1914-இல் நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர், தோலில் சிவப்புக் கோடுகள் கொண்ட வகையை ஆராய்ந்தார். அமெரிக்க உழவர் அத்தகைய மக்காச்சோளத்தைக் காலிகோ என்றழைத்தனர். கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணியின் பெயர், அச்சிட்ட பூந்துணிக்கு வழங்கி, அங்கிருந்து கோடிட்ட மணிக்கும் வந்து சேர்ந்திருந்தது. சிவப்புப் பட்டை அகன்று விழுந்த மணிகளை விதைத்தால், அவற்றிலிருந்து முழுச் சிவப்புக் கதிர் தரும் செடிகள் தோன்றும் வாய்ப்பு மிகுதி என்றும், கோடு மெலிந்த மணிகளில் அவ்வாய்ப்பு குறைவு என்றும் எமர்சன் எண்ணிக் காட்டினார். அதாவது கோடு என்பது மேற்பூச்சன்று. மரபணுவிலேயே நேர்ந்த மாற்றம், நேர்ந்த நேரத்துக்கேற்பச் சிறிதாகவோ பெரிதாகவோ தெரிகிறது. நிறம் தரும் மரபணுவோடு ஏதோ ஒரு தடை தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும், அத்தடை விலகிய செல்லில் மரபணு தன் பழைய வேலையை மீண்டும் பெறுகிறது என்றும் அவர் 1914-ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஒட்டியிருப்பது எது, விலகி எங்கே போகிறது என்பதை அறியும் வழி அன்று இல்லாதபோதும், அந்த விளக்கத்தின் சாரம் இன்றும் திருத்தப்பட வேண்டிய நிலையில் இல்லை.

எமர்சனைச் சுற்றிக் கார்னெலில் உருவான குழுவின் உழைப்பு வயலிலேயே நடந்தது. செடியின் உச்சியில் ஆண்பூங்கதிரும் நடுத்தண்டில் பட்டிழைகளோடு கூடிய பெண்கதிரும் தனித்தனியே இருப்பதால், இழைகள் வெளிவரும் முன்பே பெண்கதிரின் மேல் காகிதப் பையை மாட்டி, வேண்டிய செடியின் ஆண்பூவையும் பையிட்டு மகரந்தத்தைச் சேர்த்து, உரிய நாளில் ஒன்றை மற்றொன்றின் மேல் கையால் தூவி, செடிவாரியாகக் குறிப்பெழுதி வைப்பர். ஒரு கோடை முழுவதும் வெயிலில் செய்யும் இவ்வேலையின் பயன், இலையுதிர் காலத்தில் கதிர்களை உரித்து மணிமணியாகப் பார்க்கும்போதுதான் தெரியும். 1929 முதல் இக்குழு வெளியிடத் தொடங்கிய செய்தி மடலில், அச்சுக்குப் போகாத முடிவுகளும் விதைகளும் தயக்கமின்றிப் பகிரப்பட்டன. அக்குழுவைச் சேர்ந்த மார்க்கஸ் ரோட்ஸ், கருநிற மெக்சிக்க இனிப்பு மக்காச்சோளத்தின் ஒரு கதிரில், 12 பங்கு நிறமுள்ள மணிகள், 3 பங்கு புள்ளியிட்ட மணிகள், 1 பங்கு நிறமற்ற மணிகள் என்ற விகிதத்தைக் கண்டார். இரண்டு மரபணுக்கள் சேர்ந்து இயங்கினாலன்றி இந்த விகிதம் வராது. 3-ஆம் குரோமோசோமிலுள்ள நிற மரபணு ஒன்று செயலிழந்து கிடப்பதையும், வேறொரு குரோமோசோமிலுள்ள மற்றொரு கூறு அதை ஆங்காங்கே எழுப்பிவிடுவதையும் 1930-களில் அவர் விளக்கி, அக்கூறுக்குப் புள்ளியிட்டது என்னும் பொருளில் டாட்டட் எனப் பெயரிட்டார். தொலைவிலிருக்கும் ஒன்று மற்றொன்றை நிலைகுலையச் செய்கிறது என்னும் கருத்து, ஆக, பார்பரா மெக்லின்டாக்குக்கு முன்பே மக்காச்சோள வயலில் முளைத்திருந்தது.

1902-இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்து, 1927-இல் கார்னெலில் முனைவர் பட்டம் பெற்ற மெக்லின்டாக், மக்காச்சோளத்தின் 10 இணைக் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு அவற்றுக்கு எண் தந்தவர். 1931-இல் ஹேரியட் கிரெய்ட்டனோடு சேர்ந்து, பண்புகள் இடம் மாறிப் பிரியும்போது குரோமோசோம்களும் துண்டு மாற்றிக்கொள்கின்றன என்பதைக் கண்ணால் காணும்படி நிறுவினார். 1936 முதல் 1941 வரை மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, முறிந்த குரோமோசோம் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும், செல் பிரியும்போது அவை இரு புறமும் இழுபட்டுப் பாலம்போல் நீண்டு மீண்டும் முறிவதையும் ஆராய்ந்தார். 1941-இன் இறுதியில் லாங் ஐலண்டிலுள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில், கார்னகி நிறுவனத்தின் மரபியல் துறையில் சேர்ந்தார். அடுத்த 50 ஆண்டு வாழ்வு அங்கேயே கழிந்தது.

1944 கோடையில் அவர் ஏறத்தாழ 450 செடிகளை வளர்த்தார். ஒவ்வொரு செடியும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் புதிதாக முறிந்த முனையுடைய 9-ஆம் குரோமோசோமைப் பெற்றிருந்தது. அவற்றைத் தன் மகரந்தச் சேர்க்கை செய்து பெற்ற நாற்றுகளின் இலைகளில், வெளிறிய கோடுகளும் மஞ்சள் திட்டுகளும் அதுவரை காணாத அளவில் தோன்றின. பலரும் தள்ளிவிடக்கூடிய அந்த ஒழுங்கின்மைக்குள் அவர் ஓர் ஒழுங்கைக் கண்டார்: சில இலைகளில் அடுத்தடுத்து இரண்டு திட்டுகள் இருந்தன, ஒன்றில் கோடுகள் செறிந்தும் மற்றதில் அருகியும் காணப்பட்டன. ஒரே செல்லிலிருந்து பிரிந்த உடன்பிறப்புகள் அவை என்பதால், பிரிந்த கணத்தில் ஒன்று இழந்ததை மற்றொன்று பெற்றிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். மரபுப்பொருள் செல்லுக்குள் கைமாறக்கூடியது என்னும் எண்ணத்தின் வித்து இதுவே.

அதன்பின் மணிகள் பேசின. 9-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், எப்போதும் ஒரே இடத்தில் முறிவு ஏற்படுவதைக் கண்ட அவர், அந்த இடத்திலுள்ள கூறுக்கு டிஸ்ஸோசியேஷன், அதாவது பிரிந்துபோதல், என்று பெயரிட்டார். நிறத்தைத் தடுக்கும் மரபணு முறிந்த துண்டோடு சேர்ந்து தொலைந்தால், அந்த செல்லின் வழித்தோன்றல்கள் மட்டும் நிறமுற்று, வெள்ளைப் பரப்பில் ஊதாத் திட்டாகத் தெரிந்தன. இக்கூறு தானே இயங்காது. அதற்கு இன்னொரு கூறின் துணை வேண்டும், அதற்கு ஆக்டிவேட்டர், அதாவது தூண்டுவது, என்று பெயர் வைத்தார். மரபணு வரைபடத்தில் டிஸ்ஸோசியேஷனின் இடத்தைக் குறிக்க முயன்றபோதுதான் சிக்கல் எழுந்தது: செடிக்குச் செடி அது வெவ்வேறு இடத்தில் இருந்தது. அளவீட்டுப் பிழை என்று ஒதுக்காமல், அது இடம் பெயர்கிறது என்று 1948 அளவில் அவர் துணிந்து முடிவுக்கு வந்தார். நிற மரபணுவுக்குள்ளேயே அது நுழைந்துவிட்ட நிலையை ஒரு தனி மணியிலிருந்து கண்டறிந்தது இம்முடிவுக்கு உறுதியளித்தது. அங்கே குரோமோசோம் முறியத் தேவையில்லை. நுழைந்த கூறு மரபணுவை ஊமையாக்கியது, வெளியேறிய செல்லில் மரபணு மீண்டும் பேசியது.

இதை அறிந்தபின் ஒரு மணியின் முகத்தைக் காலக்குறிப்பாகப் படிக்கலாம். மணி வளரத் தொடங்கிய தொடக்க நாள்களில் ஒரு செல்லிலிருந்து அக்கூறு வெளியேறினால், அந்த செல் பின்னும் பலமுறை பிரிந்து பெருகுவதால் திட்டு பெரிதாகும். பத்து முறை பிரிந்தால் 1,024 செல்கள் ஒரே நிறத்தில் நிற்கும். இறுதிக் கட்டத்தில் வெளியேறினால் ஊசிமுனைப் பொட்டுதான். திட்டின் அளவு நிகழ்ந்த நேரத்தையும், திட்டுகளின் எண்ணிக்கை எத்தனை செல்களில் நிகழ்ந்தது என்பதையும் சொல்கின்றன. கருவூணில் தாயின் பங்கு இரண்டும் தந்தையின் பங்கு ஒன்றும் இருப்பதால், கலப்பின் திசையை மாற்றி, ஒரு மணிக்குள் ஆக்டிவேட்டரை ஒன்று, இரண்டு, மூன்று எனக் கூட்டியும் குறைத்தும் பார்க்க முடிந்தது. எண்ணிக்கை கூடக்கூட நிகழ்ச்சி பிந்தியது. ஒன்று இருந்த மணியில் பெரிய திட்டுகளும் மூன்று இருந்த மணியில் நுண்ணிய புள்ளிகளும் தோன்றின. ரோட்ஸ் கண்ட டாட்டட் இதற்கு மாறாக, எண்ணிக்கை கூடும்போது புள்ளிகளையும் கூட்டியது. நுண்ணோக்கிக்கு அப்பாற்பட்ட ஒன்றின் நடத்தையைக் கைக்கண்ணாடியும் பொறுமையும் கொண்டு இந்த நுட்பத்தோடு அளந்தது, உயிரியல் வரலாற்றில் அரிய சாதனை.

1950-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் இதழில் வெளியான கட்டுரையும், 1951-இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் கருத்தரங்கில் படித்த கட்டுரையும் இம்முடிவுகளை உலகுக்கு அறிவித்தன. அவரை எவரும் நம்பவில்லை, முப்பது ஆண்டுகள் அவர் தனித்து ஒதுக்கப்பட்டார் என்று பின்னாளில் பரவிய கதை பாதி உண்மையே. 1944-இலேயே தேசிய அறிவியல் அகாதமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1945-இல் அமெரிக்க மரபியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர் அவர். விஸ்கான்சினில் அலெக்சாண்டர் பிரிங்க், ராபர்ட் நிலன் ஆகியோர் 1952-இல் எமர்சனின் அதே கோடிட்ட தோலை மீண்டும் ஆராய்ந்து, அங்கும் ஓர் இடம்பெயரும் கூறு இருப்பதைக் கண்டனர். அது ஆக்டிவேட்டரே என்பது இரண்டு ஆண்டுகளில் தெளிவாயிற்று. பீட்டர் பீட்டர்சன் தனியே கண்ட இன்னொரு கூறும் மெக்லின்டாக் 1950-களில் விவரித்த சப்ரசர்-மியூட்டேட்டர் என்பதும் ஒன்றே எனப் பின்னர் அறியப்பட்டது. மக்காச்சோளத்தில் கூறுகள் இடம்பெயர்கின்றன என்பதை அத்துறையினர் ஏற்றனர். அவர்கள் ஏற்கத் தயங்கியது வேறு: இக்கூறுகளே உயிரின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பொறி என மெக்லின்டாக் கருதி, அவற்றைக் கட்டுப்பாட்டுக் கூறுகள் என்றே அழைத்தார். அந்தப் பெருங்கருத்து அவர் நினைத்த வடிவில் நிலைபெறவில்லை. ஆயினும் அலட்சியம் இருந்ததும் உண்மை. மக்காச்சோளத்தின் விந்தை இது, பிற உயிர்களுக்குப் பொருந்தாது என்ற எண்ணம் பரவலாக இருந்தது, அவரும் 1950-களின் நடுவிலிருந்து விரிவான முடிவுகளைப் பெரும்பாலும் கார்னகி நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலேயே எழுதி வந்தார்.

அந்த எண்ணத்தை உடைத்தவை பாக்டீரியாக்கள். 1960-களின் இறுதியில், மரபணுக்களுக்குள் நுழைந்து அவற்றை முடக்கும் துண்டுகள் பாக்டீரியாக்களில் கண்டறியப்பட்டன. 1970-களில், மருந்துக்கு அடங்காத தன்மையைச் சுமந்து ஒரு டி.என்.ஏ. இழையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் துண்டுகள் வெளிப்பட்டு, டிரான்ஸ்போசான் என்னும் பெயரும் பிறந்தது. பாக்டீரியாவில் அத்துண்டுகளைக் கண்டவர்களுள் ஒருவரான கொலோன் நகரின் பீட்டர் ஸ்டார்லிங்கர் பிறகு மக்காச்சோளத்துக்கே திரும்பி வந்தார். 1983-இல் பால்டிமோரில் நீனா ஃபெடராஃபும் உடன் பணியாற்றியோரும், மாவின் தன்மையை முடிவு செய்யும் வாக்ஸி என்னும் மரபணுவில் சிக்கியிருந்த ஆக்டிவேட்டரையும் டிஸ்ஸோசியேஷனையும் பிரித்தெடுத்தனர். ஆக்டிவேட்டர் 4,565 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு. அதன் இரு முனைகளிலும் 11 எழுத்துகள் ஒன்றுக்கொன்று தலைகீழாக அமைந்திருக்கின்றன. அத்துண்டு உண்டாக்கும் டிரான்ஸ்போசேஸ் என்னும் நொதி அம்முனைகளை அடையாளம் கண்டு வெட்டி, துண்டை வேறிடத்தில் பதிக்கிறது. அதே மரபணுவில் இருந்த டிஸ்ஸோசியேஷன், 194 எழுத்துகளை இழந்த ஆக்டிவேட்டரேயாகும். முனைகள் இருப்பதால் அதை வெட்ட முடியும், நொதி செய்யும் பகுதி குலைந்ததால் தானே வெட்டிக்கொள்ள முடியாது. ஒன்றுக்கு மற்றொன்றின் துணை தேவை என்று மணிப்புள்ளிகளைப் பார்த்துச் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. அதே ஆண்டு, தமது 81-ஆம் வயதில், மெக்லின்டாக் மருத்துவத்துக்கான நோபல் பரிசை வேறெவரோடும் பகிராமல் பெற்றார்; அப்பிரிவில் அவ்வாறு பெற்ற முதல் பெண் அவர்.

1990-இல் மெண்டலின் சுருங்கிய பட்டாணியும் விளக்கம் பெற்றது: மாவுச்சத்து உண்டாக்கும் மரபணு ஒன்றில், ஆக்டிவேட்டர் குடும்பத்தை ஒத்த ஏறத்தாழ 800 எழுத்துத் துண்டு நுழைந்ததே அந்தச் சுருக்கத்துக்குக் காரணம். மாறாத மரபுக்கு முதற்சான்றாக நின்ற விதையிலேயே இடம்பெயர்ந்த கூறு ஒன்று இருந்திருக்கிறது. 2009-இல் மக்காச்சோளத்தின் முழு மரபுத்தொகுதி படிக்கப்பட்டபோது, அதன் ஏறத்தாழ 230 கோடி எழுத்துகளில் 85 விழுக்காட்டுக்கு அருகில் இத்தகைய கூறுகளும் அவற்றின் எச்சங்களுமே என்பது தெரிந்தது.

1992-இல் மறைந்த மெக்லின்டாக், 1957 முதல் பல ஆண்டுகள் தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க நாடுகளின் நாட்டு மக்காச்சோள இனங்களை ஆராய்வதில் செலவிட்டதும், அதன் பயனாக 1981-இல் வெளியான நூலும் அவரைப் பற்றிய பேச்சில் மிகக் குறைவாகவே இடம்பெறுகின்றன. வணிக விதைகள் மஞ்சளும் வெள்ளையுமாகச் சுருங்கிய காலத்திலும் ஊதாவையும் நீலத்தையும் கோடிட்ட சிவப்பையும் விடாமல் விதைத்தவர்கள் இல்லையெனில், ஒட்டிய தடையும் விலகிய தடையும் எழுதிக்காட்ட ஒரு பரப்பே இருந்திராது. இந்தக் கண்டுபிடிப்பின் பங்காளிகளாக அவ்வுழவர்களையும் வரலாறு எழுத வேண்டும். ஆக்டிவேட்டர், டிஸ்ஸோசியேஷன், டாட்டட் ஆகியவற்றைச் சுமக்கும் விதைகள் இல்லினாய் மாநிலம் அர்பானாவிலுள்ள மக்காச்சோள மரபியல் கூட்டுறவு விதை மையத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. முளைப்புத்திறன் குறையும் முன் அவை மீண்டும் வயலில் நடப்பட்டு, காகிதப் பை மாட்டி, கையால் மகரந்தம் தூவிப் புதுப்பிக்கப்படுகின்றன.